மாற்றுக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளும் தோட்டாக் குடும்பங்களும்

மாற்றுக்குழல் வேட்டைத் துப்பாக்கி என்பது ஒரே உடற்கூட்டில் வெவ்வேறு குழல்களை மாற்றிப் பொருத்தக்கூடிய ரைபிள் வகை. குழல் மாறும்போது அதில் இடும் தோட்டாவும் மாறும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உரிமம் பெற்று வேட்டையாடும் குடும்பங்கள் பல துப்பாக்கிகளை வாங்குவதற்குப் பதிலாக, ஓர் உடற்கூட்டையும் சில குழல்களையும் வைத்துக்கொள்கின்றன. சிறுவருக்கு ஒரு குழல், பெரியவருக்கு ஒரு குழல், பெரிய விலங்குக்கு ஒரு குழல் என்று அவை பயன்படுகின்றன.

இந்த ஏற்பாடு நடைமுறையில் சாத்தியமானதற்குக் குழலை மாற்றும் நுட்பம் மட்டும் காரணம் அல்ல. வெவ்வேறு தோட்டாக்கள் ஒரே அடிவட்ட அளவில் செய்யப்பட்டதே அதைவிட முக்கியமான காரணம். அந்த அளவு 1888-இல் ஜெர்மனியில் உருவான ஒரு ராணுவத் தோட்டாவிலிருந்து வந்தது.

அடிப்படைச் சொற்கள்

ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள எரியூட்டி, உள்ளே இருக்கும் வெடிமருந்து, முனையில் செருகப்பட்ட குண்டு ஆகியவை அவை. பேச்சுவழக்கில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகச் சொல்வதுண்டு. குழலைவிட்டு வெளியே பறப்பது குண்டு மட்டுமே. கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் தோட்டா அறை. அந்த அறையைப் பின்னால் இருந்து அடைத்துப் பூட்டும் உருளை போல்ட் எனப்படும். போல்ட்டின் முன்முகத்தில் தோட்டாவின் அடிவட்டம் பொருந்தும் குழிவு உண்டு. அங்குள்ள கொக்கி போன்ற பிடி, சுட்ட பிறகு வெறும் கூட்டை இழுத்து வெளியே எறியும். இவை அனைத்தையும் தாங்கும் எஃகுப் பகுதியே உடற்கூடு. ஆங்கிலத்தில் இதை ரிசீவர் என்பர்.

எனவே ஒரு துப்பாக்கியில் குழலை மாற்றினால் குண்டின் விட்டம், கூட்டின் நீளம், கூட்டின் வடிவம் ஆகிய மூன்றையும் மாற்றிவிடலாம். போல்ட் முகத்தின் குழிவு மட்டும் அப்படியே இருக்கும். புதிய தோட்டாவின் அடிவட்டமும் பழைய அளவிலேயே இருந்தால் போல்ட்டை மாற்ற வேண்டியதில்லை.

1888: அடிவட்டத்தின் தோற்றம்

1886-இல் பிரான்சு புகையில்லா வெடிமருந்தைப் பயன்படுத்தும் லெபெல் ரைபிளைத் தன் படைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பதிலடியாக ஜெர்மனியின் ரைபிள் சோதனை ஆணையம் 1888-இல் ஒரு புதிய ரைபிளையும் தோட்டாவையும் உருவாக்கியது. தோட்டாவின் கூடு 57 மி.மீ. நீளம் கொண்டது. பின்னாளில் இது 8×57 என்று பெயர் பெற்றது.

அக்காலத்துத் தோட்டாக்கள் பலவற்றின் அடியில் ஆணியின் தலைபோல் விளிம்பு வெளியே நீண்டிருக்கும். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது விளிம்புகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஜெர்மானியத் தோட்டாவில் விளிம்பு வெளியே நீளவில்லை. அதற்குப் பதிலாக அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் கடையப்பட்டது. போல்ட்டின் பிடி அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அடிவட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 12 மி.மீ.

பால் மௌசர் தம் ரைபிள்களுக்கு இந்த அடிவட்டத்தையே எடுத்துக்கொண்டார். 1890-களின் தொடக்கத்தில் உருவான 7×57 தோட்டாவை ஸ்பெயின் ஏற்றது. 1898-இல் ஜெர்மானியப் படை ஏற்ற மௌசர் 98 ரைபிள், வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் முன்மாதிரியானது. அதன் உடற்கூட்டுக்கென்றே ஜெர்மானிய வேட்டைத் தோட்டாக்கள் சில தோன்றின. பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ போக் 1905-இல் 9.3×62 தோட்டாவை வடிவமைத்தார். ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளை எதிர்கொண்டவர்களுக்கு, விலை குறைந்த மௌசர் ரைபிளிலேயே போதிய வலுவைத் தருவது அதன் நோக்கம். வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1917-இல் 7×64 தோட்டாவை வெளியிட்டார்.

.30-06 குடும்பம்

அமெரிக்கப் படை 1903-இல் ஏற்ற ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் மௌசரின் வடிவமைப்பை ஒட்டியது. இதற்காக அமெரிக்க அரசு மௌசர் நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் உரிமத்தொகை கொடுத்தது. அந்த ரைபிளுக்கான தோட்டா 1906-இல் திருத்தப்பட்டு .30-06 என்று பெயர் பெற்றது. '.30' என்பது அங்குலக் கணக்கில் குழலின் விட்டம். '06' என்பது ஆண்டு. கூட்டின் நீளம் ஏறத்தாழ 63 மி.மீ. அடிவட்டம் 0.473 அங்குலம், அதாவது அதே 12 மி.மீ.

.30-06 கூட்டின் கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ வேறு குண்டுகளுக்கு ஏற்றபடி புதிய தோட்டாக்கள் பிறந்தன. வின்செஸ்டர் நிறுவனம் 1925-இல் .270 வின்செஸ்டரை வெளியிட்டது. 1920-களில் தனியார் பட்டறைகளில் உருவான .25-06 தோட்டாவை ரெமிங்டன் நிறுவனம் 1969-இல் முறைப்படி தயாரிக்கத் தொடங்கியது. அதே காலத்தில் தோன்றிய .35 வீலன் 1988-இல்தான் தொழிற்சாலைத் தோட்டாவானது. 1957-இல் .280 ரெமிங்டன் வந்தது.

இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் மௌசர், ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்கள் மிகுதியாக மலிவு விலைக்குக் கிடைத்தன. போரிலிருந்து திரும்பியவர்களும் உழவர்களும் அவற்றை வாங்கினர். ஊர்ப் பட்டறைகளில் ராணுவக் குழலைக் கழற்றிவிட்டு வேட்டைக்கான குழலைப் பொருத்தினர். 8×57 தோட்டாவுக்குச் செய்யப்பட்ட ஒரு மௌசரில் .270 குழலைப் பூட்ட முடிந்ததற்குக் காரணம் இரண்டின் அடிவட்டமும் ஒன்றாக இருந்ததே. ஒரு உடற்கூட்டுக்குப் பல குழல்கள் என்ற பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது இந்தப் பட்டறைகளில்தான்.

.308 குடும்பம்

1952-இல் வின்செஸ்டர் .308 தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் ராணுவ வடிவத்தை நேட்டோ நாடுகள் 1954-இல் 7.62×51 என்ற பெயரில் ஏற்றன. கூட்டின் நீளம் 51 மி.மீ. மட்டுமே. அதனால் உடற்கூடும் சிறியதாக, எடை குறைந்ததாக அமைந்தது. அடிவட்டம் மட்டும் மாறவில்லை.

இந்தக் குட்டைக் கூட்டிலிருந்து ஒரு புதிய குடும்பம் கிளைத்தது. 1955-இல் .243 வின்செஸ்டரும் .358 வின்செஸ்டரும் வந்தன. 1980-இல் 7மி.மீ.-08 ரெமிங்டன், 1997-இல் .260 ரெமிங்டன், 2006-இல் .338 ஃபெடரல் ஆகியவை தொடர்ந்தன. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் நேரடியாக இந்தக் கூட்டிலிருந்து பிறந்ததன்று. இருப்பினும் அதன் அடிவட்டமும் அதே அளவே. நரி முதல் மூஸ் என்னும் பெருமான் வரை, ஒரு வேட்டைக் குடும்பத்தின் தேவைகள் பெரும்பாலானவை ஒரு குட்டை உடற்கூட்டுக்குள் அடங்கிவிட்டன.

12 மி.மீ. அளவுக்கு வெளியே இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. .223 ரெமிங்டன் போன்ற சிறிய தோட்டாக்களின் அடிவட்டம் ஏறத்தாழ 9.6 மி.மீ. மேக்னம் எனப்படும் பெரிய தோட்டாக்களின் அடிவட்டம் ஏறத்தாழ 13.5 மி.மீ. இந்த மூன்றாவது அளவு பிரிட்டனில் 1912-இல் வெளிவந்த .375 ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் தோட்டாவிலிருந்து பரவியது. ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் போல்ட்டையோ போல்ட் முகத்தையோ மாற்ற வேண்டும்.

குழலை மாற்றும் முறைகள்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய, ஆஸ்திரியக் கைவினைஞர்கள் இதே தேவைக்கு வேறொரு தீர்வு கண்டனர். 'டிரில்லிங்' என்ற துப்பாக்கியில் மூன்று குழல்கள் சேர்த்தே இணைக்கப்பட்டிருந்தன. பொதுவாக இரண்டு குழல்கள் சிறு ரவைகளைச் சுடும். ஒன்று ரைபிள் குண்டைச் சுடும். முயலோ மானோ எது எதிர்ப்பட்டாலும் ஒரே துப்பாக்கி போதும். அது செய்வதற்கு அரியது, விலையும் மிகுதி.

குழலைத் தனியே கழற்றும் முறைகளில் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, மறையால் இறுக்கும் முறை. மௌசர் 98 போன்றவற்றில் குழல் உடற்கூட்டுக்குள் திருகி இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றப் பட்டறையும் கடைசல் எந்திரமும் பயிற்சியும் வேண்டும். நிக்கோலஸ் பிரூவர் வடிவமைத்து 1958-இல் வெளிவந்த சாவேஜ் 110 ரைபிளில் குழலின்மேல் ஒரு மறைவளையம் சேர்க்கப்பட்டது. குழல் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பதை அளவி கொண்டு சரிபார்த்து, வளையத்தை இறுக்கி நிலைநிறுத்தலாம். உற்பத்திச் செலவைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு, பின்னர் குழல் மாற்றுவோருக்கு மிகவும் உதவியது.

இரண்டாவது, கீல் முறை. 1967-இல் அமெரிக்காவின் தாம்சன் சென்டர் நிறுவனம் வாரன் சென்டர் வடிவமைத்த 'கன்டெண்டர்' கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அதன் குழல் ஒரு கீலில் மடங்கித் திறக்கும். கீல் ஊசியை எடுத்தால் குழல் கையோடு வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே தோட்டாவைத்தான் இடமுடியும்.

மூன்றாவது, திருகாணி முறை. 1960-களில் வந்த மௌசர் 66 ரைபிளில் குழல்களை வீட்டிலேயே மாற்ற முடிந்தது. இதனை வால்டர் கேமன் வடிவமைத்தார். 1993-இல் வந்த பிளேசர் ஆர்93 இந்தக் கருத்தை முழுமையாக்கியது. அதில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் குழல் தனியாகிவிடும். போல்ட் உடற்கூட்டில் பூட்டிக்கொள்ளாமல் குழலிலேயே நேராகப் பூட்டிக்கொள்ளும். தொலைநோக்கியும் குழலின்மீதே பொருத்தப்படும். ஆகவே குழலை மாற்றும்போது குறியும் அதனுடனே செல்கிறது.

குடும்பத்துக்கான தோட்டாத் தேர்வு

குடும்பத்தில் பலர் ஒரே துப்பாக்கியைப் பயன்படுத்தும்போது முதலில் எழும் சிக்கல் பின்னுதை. குண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி தோளை நோக்கிப் பின்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே அப்படியே செயல்படுகிறது.

ஒரு கணக்கால் இதை விளங்கிக்கொள்ளலாம். .243 தோட்டாவின் 6.5 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. .30-06 தோட்டாவின் 11.7 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும். முதலாவதன் உந்தம் ஏறத்தாழ 5.9, இரண்டாவதன் உந்தம் 9.6. இரண்டுக்கும் துப்பாக்கியின் எடை ஒன்றே என்றால், பின்னுதையின் ஆற்றல் உந்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். குண்டை மட்டும் கணக்கில் கொண்டாலும் .30-06 இரண்டரை மடங்குக்கு மேல் வலுவாகத் தோளில் இடிக்கிறது.

இந்த இடி ஒரு சிறுவரின் உடலை மட்டும் வருத்துவதில்லை. அடுத்த முறை விசையை அழுத்துவதற்கு முன்பே அவர் கண்ணை மூடவும் தோளைச் சுருக்கவும் பழகிவிடுவார். அவ்வாறு சுடப்படும் குண்டு விலங்கின் உயிர்நிலையில் படாமல் வயிற்றிலோ காலிலோ படும். காயமுற்ற விலங்கு காட்டுக்குள் ஓடி நெடுநேரம் துன்புற்றுச் சாகும். ஆகவே வேட்டை மரபில் தோட்டாத் தேர்வு ஓர் அறப்பொறுப்பாகவே கருதப்படுகிறது. வலுக்குறைந்த தோட்டாவும் விலங்கைத் துன்புறுத்தும். சுடுபவரால் தாங்க முடியாத தோட்டாவும் அதே விளைவைத் தரும்.

மாற்றுக்குழல் துப்பாக்கி இந்த இரண்டுக்கும் இடையே வழி தருகிறது. பழகுநர் .243 குழலில் தொடங்கி, பின்னர் 7மி.மீ.-08 குழலுக்கும் .308 குழலுக்கும் செல்லலாம். விசையின் இறுக்கம், பாதுகாப்புப் பூட்டின் இடம், போல்ட்டின் அசைவு ஆகியவை மாறுவதில்லை. கை பழகிய துப்பாக்கியே தொடர்ந்து கையில் இருக்கிறது. பணச் சேமிப்பைவிட இதுவே பெரிய நன்மை. நல்ல குழல்கள், ஒவ்வொன்றுக்கும் தொலைநோக்கி ஆகியவற்றின் விலையைக் கூட்டினால், சில வேளைகளில் இரண்டு எளிய துப்பாக்கிகளை வாங்குவதே மலிவாக இருக்கும்.

குழல் மட்டும் மாறினால் போதாது. சிறுவரின் கை நீளத்துக்கேற்ப மரக்கட்டையும் குட்டையாக இருக்க வேண்டும். நீண்ட கட்டையைத் தோளில் சரியாக அணைக்க முடியாதபோது சிறிய பின்னுதையும் பெரிதாகத் தோன்றும்.

சட்டங்களின் பங்கு

தோட்டாத் தேர்வை நாட்டின் சட்டமும் வரையறுக்கிறது. ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டப்படி ரோ மானைச் சுடும் குண்டுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். செம்மான், காட்டுப்பன்றி முதலிய பிற குளம்பு விலங்குகளுக்கு 2,000 ஜூல் ஆற்றலும் 6.5 மி.மீ. விட்டமும் தேவை. .243 தோட்டாவின் விட்டம் இதற்குச் சற்றுக் குறைவு. ஆகவே அமெரிக்கச் சிறுவர் பலருக்கு முதல் மான்தோட்டாவாக இருக்கும் .243-ஐக் கொண்டு ஜெர்மனியில் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. அங்கே சிறிய குழலோடு பெரிய குழலும் வேண்டும்.

எது துப்பாக்கி என்ற வரையறையும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உடற்கூட்டையே துப்பாக்கியாகக் கருதுகிறது. குழல் வெறும் உதிரிப்பாகம். ஜெர்மனியில் குழலும் முதன்மைப் பாகம். ஒவ்வொரு மாற்றுக்குழலும் உரிம அட்டையில் பதிவாக வேண்டும்.

குழல் மாற்றம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. தாம்சன் சென்டர் நிறுவனம் கன்டெண்டர் கைத்துப்பாக்கியுடன் ஒரு தோள்கட்டையையும் 21 அங்குல நீளக் குழலையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்றது. கைத்துப்பாக்கியின் 10 அங்குலக் குழலோடு தோள்கட்டையைச் சேர்த்தால், தனிப் பதிவும் வரியும் தேவைப்படும் 'குறுங்குழல் ரைபிள்' ஆகிவிடும் என்று அரசு வாதிட்டது. சட்டத்துக்கு உட்பட்ட வகையிலும் அந்தத் தொகுப்பைப் பயன்படுத்த முடியும் என்பதால் வரி பொருந்தாது என்று 1992-இல் தீர்ப்பு வந்தது.

ஆபத்துகளும் தடுப்பு முறைகளும்

குழல் பொருத்துவதில் மிக முக்கியமான அளவு, பூட்டிய போல்ட் முகத்துக்கும் அறையில் உட்கார்ந்த தோட்டா தாங்கி நிற்கும் இடத்துக்கும் இடையிலான நீளம். இதைச் சோதிக்க இரண்டு எஃகு அளவிகள் உண்டு. ஒன்றின்மீது போல்ட் மூட வேண்டும். மற்றொன்றின்மீது மூடக் கூடாது. .30-06, .308 தோட்டாக்களுக்கு இவ்விரு அளவிகளுக்கும் உள்ள வேறுபாடு 0.1 மி.மீ. மட்டுமே. இந்த நீளம் மிகுந்தால் சுடும்போது பித்தளைக் கூடு பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயலாம்.

அடிவட்டங்கள் ஒன்றாக இருப்பதே இன்னோர் ஆபத்துக்கும் காரணம். தவறான தோட்டாவையும் போல்ட் தயங்காமல் பற்றிக்கொள்ளும். ரெமிங்டன் நிறுவனம் .280 தோட்டாவை உருவாக்கியபோது இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தது. அதன் குண்டு .270 குண்டைவிடத் தடித்தது. ஆகையால் கூட்டின் தோள்பகுதியை .30-06 கூட்டில் இருப்பதைவிட ஏறத்தாழ 1.3 மி.மீ. முன்னே தள்ளி அமைத்தனர். இதனால் அந்தத் தோட்டா .270 குழலின் அறைக்குள் முழுதாக நுழையாது.

எல்லாத் தோட்டாக்களுக்கும் இத்தகைய தடை இல்லை. குட்டையான .308 தோட்டா நீண்ட .30-06 அறைக்குள் நுழைந்துவிடலாம். 8×57 தோட்டாவிலேயே இரண்டு வகை உண்டு. 1888-ஆம் ஆண்டுக் குண்டின் விட்டம் ஏறத்தாழ 8.08 மி.மீ. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதிய குண்டின் விட்டம் 8.2 மி.மீ. புதிய குண்டைப் பழைய குழலில் சுட்டால் அழுத்தம் அளவு கடந்து உயரும்.

இதனால் வேட்டைக் குடும்பங்களில் சில கட்டுப்பாடுகள் வழக்கமாகியுள்ளன. தோட்டாவின் பெயர் குழலின்மீது பொறிக்கப்பட்டிருக்கும். சுடுவதற்கு முன் அதையும் தோட்டாவின் அடியில் உள்ள எழுத்தையும் ஒப்பிட வேண்டும். வேட்டைக்குப் போகும் நாளில் ஒரு வகைத் தோட்டாவை மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். குழலை மாற்றிய பின் காகித இலக்கில் சுட்டுக் குறியைச் சரிபார்க்க வேண்டும். தோட்டா அளவுகளைப் பொதுவாக வரையறுக்க 1914-இல் ஐரோப்பாவில் சி.ஐ.பி. அமைப்பும், 1926-இல் அமெரிக்காவில் சாமி அமைப்பும் தோன்றின. வெவ்வேறு ஆலைகளில் செய்த குழலும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்துவது இந்த வரையறைகளால்தான்.

இந்தியத் தொடர்பு

இந்தியாவில் மாற்றுக்குழல் மரபு வேரூன்றவில்லை. ஆனால் தோட்டாவைச் சட்டம் தீர்மானித்ததற்கு இந்தியாவே சிறந்த எடுத்துக்காட்டு. படைத் துப்பாக்கிகளுக்கான வெடிபொருள் கிளர்ச்சியாளர் கைக்குப் போகலாம் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 விட்டமுள்ள தோட்டாக்களை இந்தியாவில் தடைசெய்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே லண்டன் நிறுவனங்கள் .470 போன்ற புதிய அளவுகளை உருவாக்கின. பிற்காலத்தில் இச்சாப்பூர் ஆலை பொதுமக்களுக்கென .315 ரைபிள்களைத் தயாரித்தது. ராணுவத்தின் .303 தோட்டாவை அவற்றில் பயன்படுத்த முடியாது.

1888-ஆம் ஆண்டு அடிவட்டமும் இந்தியக் காடுகளுக்கு வந்தது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்கு .275 ரிக்பி ரைபிள் ஒன்று பரிசளிக்கப்பட்டது. .275 ரிக்பி என்பது 7×57 மௌசர் தோட்டாவுக்கு லண்டனில் வைத்த பெயர்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மாற்றுக்குழல் துப்பாக்கிகள் இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், வேட்டை சட்டபூர்வமாக உள்ள பிற நாடுகளிலும் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளன.